எந்த வலையை எடுப்பது? அக்கா மகளின் ப்ராஜெக்டுக்காக ஓர் ஒப்பீடு

அக்கா மகள் எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கடைசி வருடம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட கை காய்வதற்குள் லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மாமா, ப்ராஜெக்ட்டுக்கு மூணு தலைப்பு வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ண சொல்லணும்னு மேடம் சொல்லிட்டாங்க. மூணுமே நெட்வொர்க்தான். எத எடுக்கறது?"

மூன்றிலும் கேள்வி ஒன்றே. சர்க்கரை நோயும் காசநோயும் ஏன் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன? இந்தக் கேள்வி அவளுக்குப் பாடத்தில் இருந்து வரவில்லை. அக்காவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாடியில் குடியிருந்தவருக்குப் போன வருடம் டிபி என்று தெரிந்தது. அந்தப் பரிசோதனையில்தான் அவருக்குச் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. ஒரே வீட்டு மாடிப்படியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. புரதங்களின் வலையில் இதைத் தேடலாம், நோய்களின் வலையில் தேடலாம், மனிதர்களின் வலையில் தேடலாம். நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவன். அந்த அளவில் அவளுக்குச் சொன்னதை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

வலை என்றால் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். அதிகக் கோடுகள் வந்து சேரும் புள்ளிதான் முக்கியமான புள்ளி என்று வகுப்பில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பாதி சரி. மின்ட் பஸ் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் எல்லாத் திசைக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. கோடுகளை எண்ணினால் மின்ட்தான் ராஜா. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சென்ட்ரலில் இருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் தண்டவாளமும், பீச்சில் இருந்து ராயபுரம் வழியாக வரும் தண்டவாளமும் அங்கேதான் சேர்கின்றன. மின்ட்டில் ஒரு பஸ் படுத்தால் அடுத்த பஸ் இருக்கிறது. கொருக்குப்பேட்டை படுத்தால் தண்டையார்பேட்டையில் இருந்து எண்ணூர், கும்மிடிப்பூண்டி வரை எல்லோரும் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். கூட்டம் கூடும் புள்ளி வேறு, வழியில் உட்கார்ந்திருக்கும் புள்ளி வேறு. நோய்க்கு எது பொருந்தும் என்பது நாம் எடுக்கும் வலையைப் பொறுத்தது.

அவளுக்குப் பிடித்தது முதல் வலை, புரதங்களின் வலை. படமாகப் போட்டால் அழகாக இருக்கும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் உடலில் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று கோடு போட்டுக்கொண்டே போனால் ஒரு வலை வரும். 2001-இல் ஈஸ்ட்டில் இதைச் செய்து பார்த்தார்கள். ஐந்து அல்லது அதற்குக் குறைவான கோடுகள் உள்ள புரதங்களில், நீக்கினால் ஈஸ்ட் செத்துப்போகும் வகை சுமார் 21 சதவீதம்தான். 15-க்கு மேல் கோடுகள் உள்ளவற்றிலோ 62 சதவீதம். மின்ட் ஜெயித்தது. ஆனால் மனிதனிடம் வந்தபோது கதை மாறியது. 2007-இல் வலை அறிவியலாளர் ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசியின் குழுவினர் 1,284 நோய்களையும் அவற்றோடு தொடர்புள்ள 1,777 ஜீன்களையும் எடுத்து, ஒரே ஜீனைப் பங்கிடும் நோய்களுக்கு இடையே கோடு போட்டார்கள். 867 நோய்கள் குறைந்தது இன்னொரு நோயோடாவது சேர்ந்திருந்தன. அதில் 516 ஒரே பெரிய கொத்து. ஆனால் பெரும்பாலான நோய் ஜீன்கள் புரத வலையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தன. யோசித்தால் காரணம் புரியும். நடு ஜீன் பழுதானால் கரு பிறக்கும்வரை தங்காது. பிழைத்து வளர்ந்து, நாற்பது வயதில் ஓபி வரிசையில் வந்து நிற்க வேண்டுமானால், பழுது ஓரத்தில்தான் இருந்தாக வேண்டும்.

2015-இல் அதே வழியில் இன்னொரு படி. 13,460 புரதங்கள், 141,296 கோடுகள், 299 நோய்கள். ஒரு நோயின் ஜீன்கள் வலையில் சிதறிக் கிடப்பதில்லை, ஒரு பேட்டையாகக் கூடி இருக்கின்றன. இரண்டு நோய்களின் பேட்டைகள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் அறிகுறிகளும் ஒத்துப்போகின்றன, சேர்ந்து வருவதும் கூடுகிறது என்று காட்டினார்கள். சிகிச்சைக்கான ஆசை இங்கேதான் பிறக்கிறது. மருந்து தொடும் புரதம் நோயின் பேட்டைக்கு எவ்வளவு பக்கம் என்று தூரம் அளந்தால், பழைய மருந்துகளில் புதிய வேலைக்கு ஆகும் மருந்து சிக்கலாம். கோவிட் காலத்தில் பராபாசி குழுவினர் 6,340 மருந்துகளை இப்படித் தரவரிசைப்படுத்தினார்கள். அதில் 918 மருந்துகளைச் செல்களில் சோதித்தபோது 77 வேலை செய்தன. அந்த 77-இல் 76, வைரஸ் பிடிக்கும் புரதங்களை நேரடியாகத் தொடுவதே இல்லை. வலை வழியாகச் சுற்றிப் போய்த்தான் பலன் தந்தன. இதே காலத்தில் இன்னொரு குழு கணினியில் கட்டிய வலை ஒன்றில் தேடி, மூட்டுவாத மருந்தான பாரிசிட்டினிபை 2020 பிப்ரவரியிலேயே சுட்டிக்காட்டியது. கடுமையான கோவிட்டில் அது இறப்பைக் குறைத்ததைப் பின்னால் நடந்த பெரிய பரிசோதனைகள் உறுதி செய்தன.

இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. உடனே ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சொன்னேன். அதுவும் செல்களில் கோவிட் வைரஸை அடக்கியது. ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் பரிசோதித்தபோது எந்தப் பலனும் இல்லை. தட்டில் வளர்த்த செல்லுக்கும் கட்டிலில் படுத்திருக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தூரத்தை எந்த வலையும் அளப்பதில்லை.

நம் கேள்விக்கே பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அக்கா தினமும் போடும் மெட்ஃபார்மின் காசநோய்க் கிருமியை அடக்க உதவுகிறது என்று 2014-இல் எலிகளில் கண்டார்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை மனிதர்களிடம் சோதித்தது. 322 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான டிபி மருந்தோடு மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை. ஆனால் தேவையில்லாத அழற்சி குறைந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரல் சீக்கிரம் தெளிந்தது. 2022-இல் முடிவு வந்தது. எலியில் போட்ட ஒரு கோட்டை மனிதனில் சரிபார்க்க எட்டு வருடம். விடையும் ஆம் என்றோ இல்லை என்றோ நேராக வரவில்லை.

முதல் வலையில் என்னை உறுத்துவது வேறு விஷயம்: கோட்டைப் போட்டது யார்? படிக்கும் காலத்தில் நானும் புற்றுநோய்க்கு ஒரு புரத வலை கட்டினேன். நடுவில் பெரிய சிலந்திபோல் பி53 (p53) என்ற புரதம் உட்கார்ந்திருந்தது. பெருமையாக வைவாவில் காட்டினேன். தேர்வாளர் கேட்டார்: "அதுக்கு இவ்வளவு கோடு இருக்கறதுக்குக் காரணம் அது முக்கியம்கறதா, இல்ல எல்லாரும் அதையே ஆராய்ச்சி பண்றாங்கறதா?" எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் வராது. பாரபட்சம் இல்லாமல் எல்லாப் புரதங்களையும் ஜோடி ஜோடியாகச் சோதித்த 2020-ஆம் வருட வரைபடத்தில் 8,275 புரதங்களும் ஏறத்தாழ 53,000 கோடுகளும்தான் இருந்தன. பாதி ஊருக்குத் தெருவே போடாத வரைபடம் அது. அதில் குறுக்குவழி தேடுகிறோம்.

ஆனாலும் முதல் வலையில் வசதி நிறைய. தரவு இலவசம், வலை வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப் இலவசம், அவளுடைய லேப்டாப்பே போதும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நாலு மாதத்தில் முடித்துவிடலாம். கடைசியில் இருபது ஜீன்களின் பட்டியல் கையில் இருக்கும். அதைச் சோதிக்கச் செல் வளர்க்கும் லேப் அவள் துறையில் இல்லை.

மூன்றாவதை முன்னால் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் முடிவு சீக்கிரம் வந்துவிட்டது. யாரிடம் இருந்து யாருக்கு என்று மனிதர்களுக்கு இடையே கோடு போடும் வலை. காசநோய்க்கு இதைவிடப் பொருத்தமான வலை கிடையாது. நோய் போவதே அந்தக் கோடு வழியாகத்தான். வரலாறும் நம் ஊருடையது. 1956-இல் சென்னையில் தொடங்கிய மையம், சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்துச் சிகிச்சை, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை என்று 193 நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டது. 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே மாற்றியது. நெருக்கடியான ஏழை வீடுகளில் சிகிச்சை எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. மேலே சொன்ன சேத்துப்பட்டு நிறுவனத்தின் தொடக்கம் அந்த மையம்தான். இன்று யோசித்தால் அது ஒரு வலைக் கேள்வி: நோயாளியை வலையில் இருந்து பிரித்து எடுத்தால்தான் கோடு அறுமா, மாத்திரையாலும் அறுமா?

இன்னொரு பக்கம், இந்த வலையில் ஏமாறுவதும் சுலபம். 12,067 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. நண்பர் பருமனானால் நீங்களும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்றது. அடுத்த வருடமே வேறு இருவர் அதே மாதிரிக் கணக்கை எடுத்து, முகப்பரு, தலைவலி, உயரம்கூட நண்பர்களிடம் 'தொற்றுவதாக' வருகிறதே என்று காட்டினார்கள். உயரம் தொற்றுமா? ஒரே மாதிரி ஆட்கள்தான் நண்பர்களாகிறார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். எண்ணூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கும் இருமல் என்றால், ஒருவரிடம் இருந்து ஒருவருக்கு என்று கோடு போடுவதற்கு முன்னால் புகைபோக்கியையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது இல்லை. ஹவுசிங் போர்டு பிளாக்கில் பெயரை எடுத்துவிட்டு வெறும் புள்ளியாகப் போட்டாலும், மூன்றாவது மாடி, ஐந்து கோடு என்றால் யார் என்று அந்த பிளாக்கே சொல்லிவிடும். டிபி என்று தெரிந்ததும் மாடி வீட்டுக்காரரின் பெண்ணுக்கு வந்த வரன் நின்றுபோனதை அக்கா மகளே பார்த்திருக்கிறாள். கோடு வரைய வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் வாங்க வேண்டும், பேச வேண்டும், திரும்பப் போக வேண்டும். சுகாதாரத் துறையின் களப்பணியாளர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றுச் செய்கிற வேலை. ஆறு மாத ப்ராஜெக்டுக்காக ஒரு மாணவி செய்யக்கூடாது.

மிச்சம் இருப்பது இரண்டாவது. நோய்களே புள்ளிகள், ஒரே ஆளிடம் இரண்டு நோய் சேர்ந்து வந்தால் கோடு. ஜீனும் வேண்டாம், அக்கம்பக்கத்து வம்பும் வேண்டாம். 2009-இல் அமெரிக்க முதியவர்கள் 3 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளில் இப்படி ஒரு வலை கட்டினார்கள். 2014-இல் டென்மார்க்கில் 62 லட்சம் பேரின் ஏறத்தாழ 15 வருடப் பதிவுகளில் எந்த நோய்க்குப் பின்னால் எந்த நோய் வருகிறது என்று திசையோடு பார்த்தார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு பதிவேடு கிடையாது, நோட்டு இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களின் கையில் இருக்கும் ஓபி நோட்டு. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நோட்டைத் தொலைத்த ஆளை நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டு இருக்கும் அதே மஞ்சள் பையில் அதுவும் இருக்கும்.

கணக்கு எளிது என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டிய கற்பனைக் கணக்கு இது. 1,000 நோட்டுகள். 300 பேருக்குச் சர்க்கரை, 50 பேருக்கு டிபி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் 15 பேரிடம் இரண்டும் இருக்கும். நாம் எண்ணும்போது 30 பேர் வந்தால், எதிர்பார்த்ததைவிட 2 மடங்கு. நல்ல கோடு. இப்போது அரிதான இரண்டு நோய்கள்: ஒன்று 5 பேருக்கு, இன்னொன்று 4 பேருக்கு. தற்செயலாக ஒரே ஒருவரிடம் இரண்டும் இருந்துவிட்டால் எதிர்பார்த்ததைவிட 50 மடங்கு! ஒரு ஆள் போட்ட கோடு, முப்பது ஆள் போட்ட கோட்டைவிடத் தடிமனாகிவிடும். சரி, மடங்கை விட்டுவிட்டு ஒட்டுறவுக் குணகத்தைப் (கோரிலேஷன்; இரண்டும் எவ்வளவு சேர்ந்தே போகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) பார்க்கலாம் என்றால் அது வேறு பக்கம் சாயும். சர்க்கரை 300 பேர், அரிய நோய் 4 பேர், நாலு பேருக்குமே சர்க்கரை என்று வையுங்கள். குணகம் 0.10. முன்னால் பார்த்த சர்க்கரை–டிபி ஜோடிக்கு 0.15. நாலுக்கு நாலும் பொருந்தியிருந்தும் கோடு மெலிந்துபோகிறது. அதனால் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எத்தனை ஆள் என்பதையும் எழுதச் சொன்னேன். இதை ஒழுங்காகச் செய்தாலே ப்ராஜெக்டில் பாதி முடிந்தது.

இன்னொரு கண்ணி, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணுவது. ஒரு நோய் உள்ளவரைவிட இரண்டு நோய் உள்ளவர் ஆஸ்பத்திரிக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வெளியே சம்பந்தமில்லாத இரண்டு நோய்கள்கூட ஓபி வாசலில் உறவுக்காரர்கள்போல் தெரியும். 1946-இலேயே புள்ளியியலாளர் பெர்க்சன் இதை எழுதிவிட்டார். காசிமேட்டில் வலையின் கண்ணி அளவைப் பார்த்தே என்ன மீன் வரும் என்று சொல்வார்கள். நெத்திலி வரவில்லை என்பதற்காகக் கடலில் நெத்திலி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அவள் ஆய்வும் 'வடசென்னை மக்களிடம்' என்று தொடங்கக் கூடாது, 'இந்த ஓபிக்கு வந்தவர்களிடம்' என்று தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் சர்க்கரை–டிபி கோட்டின் திசை. சர்க்கரை இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு 2 முதல் 3 மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகள் சேர்ந்து சொல்வது. ஆனால் டிபியும் சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். சிகிச்சை தொடங்கியதும் மூன்றாவது திசை ஒன்று வருகிறது. டிபி மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலின் என்சைம்களை முடுக்கிவிடும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரைகள் உடம்பில் இருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், சர்க்கரை ஏறும். டிபிக்கு ஒரு இடத்தில் மாத்திரை, சர்க்கரைக்கு வேறு இடத்தில் மாத்திரை என்று வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வது? இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க புதிய மருந்து தேவையில்லை, புதிய ஜீன் தேவையில்லை. இரண்டு நோட்டையும் ஒன்றாகத் திறந்து தேதி பார்த்தால் போதும். மூன்று வலைகளில், விடை கிடைத்த மறுநாளே ஒரு டாக்டரோ நர்ஸோ எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வலை இதுதான்.

"ஆனா மேடம், புரத நெட்வொர்க்தான் ஈஸியா பப்ளிஷ் ஆகும்னு சொல்றாங்க மாமா."

அது உண்மை, மறுக்கவில்லை. வெளிநாட்டில் பிஎச்.டி. என்றால், அல்லது மருந்துக் கம்பெனியில் வேலை என்றால், முதல் வலையைக் கையாளத் தெரிந்திருப்பது மதிப்பு. அக்கா அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள்: "எதுல வேல கெடைக்கும், அத மட்டும் சொல்லுடா." இரண்டாவதிலும் கிடைக்கும்க்கா என்றேன், கலைந்து கிடக்கும் மருத்துவத் தரவை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர்களை என் ஆபீஸிலேயே தேடுகிறார்கள். பளபளப்பான சுத்தத் தரவை மட்டும் தொட்டவர்கள் முதல் வாரத்திலேயே முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதன் விலை நேரம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே ஒன்றரை இரண்டு மாதம் போகலாம். பெயர், முகவரி, போன் எதையும் எடுக்கக் கூடாது. வயதைக்கூட ஐந்து வருட வரம்பாக எழுத வேண்டும். கையெழுத்து இன்னொரு தலைவலி. ஒரு டாக்டர் 'டி.எம்.' என்பார், இன்னொருவர் 'டி2டிஎம்' என்பார், நர்ஸ் 'சுகர்' என்று எழுதியிருப்பார். மூன்றும் ஒன்று என்று கணினிக்குத் தெரியாது. 1,000 நோட்டு என்று தொடங்கினாலும் 400 தேறினால் நல்லது.

மற்ற இரண்டையும் முழுசாகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மூன்றாவதில் இருந்து இரண்டே கேள்விகளைக் கடன் வாங்கச் சொன்னேன்: ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், வீட்டில் முன்பு யாருக்காவது டிபி வந்ததா. யார், எந்த வீடு என்பது வேண்டாம். கூட முடிந்தால் எடையும் உயரமும். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டில் இருந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பரிசோதனையில், கூடுதல் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 முதல் 48 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளிவந்தது. அரிசியும் பருப்பும் கோட்டை அறுக்கும் என்றால், எடையை எழுதாமல் விடக் கூடாது. முதல் வலைக்குக் கடைசி ஒரு வாரம் போதும். நோட்டுகளில் தடிமனாக வந்த நாலைந்து ஜோடிகளுக்கு மட்டும் ஜீன் பேட்டைகள் கலக்கின்றனவா என்று பார்த்து ஒரு பக்கம் எழுதலாம். மேடத்துக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை இரண்டாவதையே சொல்லிவிட்டாள். அனுமதி வருவதற்குள் கை பழகட்டும் என்று அக்காவின் நோட்டையும், மாடி வீட்டுக்காரர் தானே எடுத்துக் கொடுத்த நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது.

"மாமா, இவர் நோட்டுல டிபி மாத்திரை ஆரம்பிச்ச தேதி இருக்கு. சுகர் 240-னு அதுக்கு நாலு நாள் முன்னாடி இருக்கு. அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு பக்கத்துல சும்மா 'அடிக்கடி யூரின், எடை கொறையுது'ன்னு மட்டும் இருக்கு. சுகர் எப்ப ஆரம்பிச்சதுன்னு போடறது?"

மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடு என்றேன். கட்டத்துக்கு என்ன பேர் வைப்பது என்று கேட்டாள்.